பதிவின் தரமும் கருவியின் தரமும்: கிழக்கேகோட்டையை முன்வைத்து இல்ல இசைக் கேட்பின் வரலாறு

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் ஆகியோரின் தகுதிகளை விரித்துரைத்தபின் அரங்கின் அளவையும் கூறுகிறது. 24 விரல் கொண்டது ஒரு கோல். அக்கோலால் அரங்கின் அகலம் 7, நீளம் 8, உயரம் 1. கலைஞரின் தகுதியை உரைத்த இடத்திலேயே அரங்கின் அளவையும் உரைத்தமை கருதத்தக்கது. இசை பிறப்பதற்குப் பாடுநர் மட்டும் போதார். அது நின்று ஒலிக்கும் இடமும் வேண்டும் என்பதைத் தமிழ்மரபு உணர்ந்திருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் இசை அவ்விடத்தை விட்டு நீங்கி வீட்டிற்குள் வந்தது. அரங்கின் பணியை இரண்டு பொருள்கள் பகிர்ந்துகொண்டன. ஒன்று, வேறோரிடத்தில் முன்னரே செய்யப்பட்ட ஒலிப்பதிவு. மற்றொன்று, அதனை ஒலிக்கச் செய்யும் கருவி. வீட்டிலிருந்து கேட்பவரின் இசையனுபவத்தை இவ்விரண்டில் எது பெரிதும் தீர்மானித்தது என்னும் வினாவைத் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையின் இசைச்சூழலைக் களமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. கருவியின் விலையே கேட்பின் தரம் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. வரலாறு அதற்கு முழுச் சான்று தரவில்லை.

மண்டபமும் அதன் வெளியும்

பத்மநாபசுவாமி கோயில், பத்மதீர்த்தக் குளம், மேத்தன் மணி, சுவாதித் திருநாள் (1813–1846) எழுப்பிய குதிரைமாளிகை, நவராத்திரி மண்டபம் ஆகியவை கிழக்கேகோட்டையில் ஒன்றையொன்று ஒட்டி அமைந்தவை. வாயிலுக்கு வெளியே சாலைக் கடைத்தெரு. அங்கு வணிகம் செய்வோரிலும், கோட்டைக்குள் உள்ள தெருக்களில் குடியிருப்போரிலும் தமிழர் பலர். ஆண்டுதோறும் நவராத்திரியின்போது பத்மநாபபுரத்திலிருந்து சரசுவதியின் திருமேனி ஊர்வலமாக இங்குக் கொண்டுவரப்படுகிறது. கம்பர் வழிபட்டுப் பின் சேர மன்னரிடம் ஒப்படைத்த திருமேனி அது என்பது வழிவழியாகக் கூறப்படும் செய்தி. அதன் முன்னிலையில் ஒன்பது மாலைகளிலும் கச்சேரி நிகழும். நாளுக்கு ஒன்றாகச் சுவாதித் திருநாளின் நவராத்திரிக் கீர்த்தனைகள் சங்கராபரணம், கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்த சாவேரி, நாட்டைக்குறிஞ்சி, ஆரபி என்னும் முறையில் முதன்மை உருப்படியாகப் பாடப்பெறும். தானம் பாடும்போதும் மிருதங்கம் உடன் வாசிப்பது இம்மண்டபத்திற்கே உரிய வழக்கு. கைதட்டல் இல்லை.

ஒலிபெருக்கி அறியாத காலத்தில் எழுந்த இம்மண்டபத்தின் கூரையில், ஒலி நலத்திற்காகப் பானைகள் கவிழ்த்துத் தொங்கவிடப்பட்டுள்ளன. அரங்கத்தைக் கோல்கொண்டு அளந்த அறிவின் தொடர்ச்சியாக இதனைக் கொள்ளலாம். ஆனால் அம்மண்டபத்தில் அமர்ந்து கேட்டவர் சிலரே. பெண்ணொருவர் அங்குப் பாட 2006-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு பாறசாலை பொன்னம்மாள் (1924–2021) பாடியபோதுதான் அவ்வழக்கு மாறியது. ஆகவே ஊரின் பெரும்பாலோர்க்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, வித்துவான்களின் இசையை விரிவாகக் கேட்கும் வாய்ப்பு வேறு வழிகளிலேயே வரவேண்டியிருந்தது. வீட்டில் கேட்டல் என்பது இவ்வூரில் பலர்க்கு ஓய்வுநேர ஆடம்பரம் அன்று. கிடைத்த ஒரே வாயில்.

ஒலிப்பதிவு வருமுன் வீட்டில் இசை இல்லாமலில்லை. அது கேட்கும் இசையாக இராமல் பாடும் இசையாக இருந்தது. கரமனையில் வாழ்ந்த நீலகண்ட சிவனின் (1839–1900) தமிழ்க் கீர்த்தனைகள் பசனைக் கூட்டங்களில் பரவின. இளமையைத் திருவனந்தபுரத்தில் கழித்த பாபநாசம் சிவன் (1890–1973) அம்மரபால் ஊட்டம் பெற்றவர். கொலுவின் முன் பாடுதல், தாலாட்டு, கோலாட்டம் என வீட்டார் தாமே பாடுநராகவும் கேட்போராகவும் இருந்தனர். இசைத்தட்டு இவ்விருவரையும் பிரித்தது.

அரக்குத் தட்டின் எல்லை

இந்தியாவில் கிராமபோன் நிறுவனத்திற்காகப் பிரெட் கெய்சுபெர்க்கு 1902-ஆம் ஆண்டு கல்கத்தாவில் பதிவுகளைத் தொடங்கினார். 1908-இல் அந்நகரின் சியால்டாவில் தட்டு அச்சிடும் ஆலை ஏற்பட்டது. தட்டின் மூலப்பொருளாகிய அரக்கும் பெரும்பாலும் இந்தியக் காடுகளிலிருந்தே உலகெங்கும் சென்றது.

அக்காலப் பதிவில் மின்சாரத்திற்கு இடமில்லை. பாடுநர் ஒரு கூம்பின் வாயருகே நின்று உரக்கப் பாட வேண்டும். குரலின் விசையே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கிழிக்கும். ஏறத்தாழ 250 ஹெர்ட்சு முதல் 2500 ஹெர்ட்சு வரையிலான ஒலிகளே தட்டில் ஏறின. மிருதங்கத்தின் தொப்பி எழுப்பும் தாழ்ந்த நாதம் அதற்குக் கீழே நின்றுவிட்டது. தம்புராவின் நுண்ணிய மேலொலிகள் அதற்கு மேலே சென்று மறைந்தன. கூம்பிலிருந்து விலகி அமர்ந்த பக்கவாத்தியக்காரர் தட்டில் நிழலாகவே எஞ்சினார். 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 3 நிமிடம். ஆலாபனைக்கு அதில் இடமேது? பல்லவியையும் அனுபல்லவியையும் விரைந்து பாடி, சரணத்தைச் சுருக்கி, சில சுரங்களை உதிர்த்து முடிப்பதே வழியாயிற்று.

இங்குதான் கருவியின் ஆற்றலைப் பற்றிய முதற் சோதனை கிடைக்கிறது. செல்வர் வீட்டில் தேக்குப் பேழைக்குள் அமைந்த பெரிய இயந்திரமும், எளியவர் வாங்கிய சிறிய கைப்பெட்டியும் ஒரே தட்டையே ஒலித்தன. பேழை ஒலியைச் சற்று நிரப்பமாக்கலாம். தட்டின் வரியில் ஏறாத தொப்பியின் நாதத்தை எந்தப் பேழையாலும் பிறப்பிக்க இயலாது. 1925-ஆம் ஆண்டில் ஒலிவாங்கி வழி மின்முறைப் பதிவு மேலைநாட்டில் வணிகத்திற்கு வந்தது. சில ஆண்டுகளில் இந்தியாவிற்கும் பரவியது. பதிவின் எல்லை ஏறத்தாழ 100 முதல் 5000 ஹெர்ட்சு வரை விரிந்தது. புதிய தட்டுகளைப் பழைய கைவிசை இயந்திரத்தில் வைத்தாலும் வேறுபாடு செவிக்குப் புலனாயிற்று. இயந்திரம் மாறவில்லை; பதிவு மாறியது; இசை மாறியது.

எந்த இசை வீட்டிற்கு வரும் என்பதையும் பதிவுமுறையே வரையறுத்தது. நாகசுரம் போன்ற விசைமிக்க வாத்தியத்திற்குத் தட்டு எளிதில் இணங்கியது. திருவாவடுதுறை டி. என். ராசரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடி தட்டின் வழியே தமிழகம் எங்கும் புகழ்பெற்றது அனைவரும் அறிந்தது. இதற்கு நேர்மாறானது வீணை தனம்மாளின் (1867–1938) வாசிப்பு. சென்னையில் அவர் இல்லத்தில் வெள்ளிக்கிழமைகளில் கூடியவர்கள் மூச்சையும் அடக்கிக் கேட்ட மெல்லிய நாதம் அது. அவர் பெயரில் எஞ்சியுள்ள சில தட்டுகள் மின்முறை வந்தபின் 1930-களில் பதிவானவை. ஒலிவாங்கி பிறந்திராவிடில் அவ்வீணை செவிவழிச் செய்தியாகவே நின்றிருக்கும்.

எனினும் கருவிக்குப் பங்கே இல்லை என்று கூறிவிட முடியாது. ஊசியின் பருமனே அன்று ஒலியின் அளவைத் தீர்மானித்தது. தடித்த ஊசி உரத்த ஒலியையும் மெல்லிய ஊசி தணிந்த ஒலியையும் தந்தன. ஒவ்வொரு பக்கத்திற்கும் எஃகு ஊசியை மாற்ற வேண்டும். சிக்கனம் கருதித் தேய்ந்த ஊசியையே இட்டவர், தட்டின் வரியைத் தாமே அழித்தவராயினர். இதனினும் முதன்மையானது சுழற்சி வேகம். நிமிடத்திற்கு 78 சுற்று என்பது பின்னர் நிலைபெற்ற அளவு. தொடக்ககாலத் தட்டுகள் பலவும் இதனின்று கூடியும் குறைந்தும் பதிவானவை. கைவிசைச் சுருளும் இறுக்கம் தளர்ந்தால் வேகம் குறையும். 78-க்குப் பதில் 74 சுற்றில் தட்டு ஓடினால் சுருதி 5 விழுக்காட்டிற்கு மேல் இறங்கும். அது ஏறத்தாழ அரைக்கட்டை. எசு. ஜி. கிட்டப்பா (1906–1933) பாடிய சுருதியைத் தட்டைக் கேட்டே கணிப்போர், அது எந்த வேகத்தில் பதிவாயிற்று, எந்த வேகத்தில் ஒலித்தது என்னும் இரண்டையும் உறுதிசெய்யாமல் முடிவு கூறுவது ஆய்வுநெறி ஆகாது. நாடக மேடையின் உச்சக் குரலைப் பற்றிய வியப்புரைகளில் சில, விரைந்து சுழன்ற தட்டின் கொடையாகவும் இருத்தல் கூடும்.

ஆகவே கருவியிடம் கேட்போன் முதலில் எதிர்பார்க்க வேண்டியது இனிமையை அன்று, நிலைத்த வேகத்தையும் சிதைக்காத ஊசியையும் ஆகும். இவ்வடிப்படை நிறைவேறியபின் பெருமளவு முடிவுசெய்வது பதிவே. இக்கருத்திற்கு மற்றொரு சான்றும் உண்டு. 1930-களின் தட்டுகளை இன்றைய மின்னணுக் கருவிகள் கொண்டு ஒலிக்கச் செய்யும்போது, அன்றைய இயந்திரங்கள் வெளிப்படுத்தாத நுட்பங்கள் கேட்கின்றன. வரியில் அவை அன்றே இருந்தன.

வானொலி தந்த காலம்

சுவாதித் திருநாளின் உருப்படிகள் மீண்டும் வழக்கிற்கு வந்த வரலாறும் வீட்டுக் கேட்பின் வரலாறும் திருவனந்தபுரத்தில் ஏறக்குறைய ஒரே காலத்தவை. அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் (1877–1945) அவ்வுருப்படிகளைத் தேடித் தொகுத்தார். 1939-இல் தொடங்கிய சுவாதித் திருநாள் இசைக் கழகத்தின் முதல் முதல்வரும் அவரே. அவரைத் தொடர்ந்து அப்பொறுப்பை ஏற்ற செம்மங்குடி சீனிவாச ஐயர் (1908–2003) 1963 வரை அதனை நடத்தினார். 1943-ஆம் ஆண்டு மார்ச்சு 12 அன்று திருவிதாங்கூர் அரசின் வானொலி நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியது. 1950 ஏப்ரல் 1 அன்று அது அகில இந்திய வானொலியுடன் இணைந்தது.

ஒலியின் செறிவை மட்டும் நோக்கினால் வானொலி பெரிய முன்னேற்றம் அன்று. மத்திய அலையில் உயர்ந்த ஒலிகள் வெட்டுண்டே வந்தன. மழைக்காலத்து இடி ஒவ்வொன்றும் பெட்டிக்குள் வெடித்தது. அவ்வாறிருந்தும் வீட்டு இசையனுபவம் தட்டின் காலத்தைவிட வளமுற்றது. காரணம் வெளிப்படை. வானொலி மூன்று நிமிடக் கட்டினை அறுத்தது. ஒரு மணிநேரக் கச்சேரியை, இராகம் விரிய, தனி ஆவர்த்தனம் உட்பட, தெருத் திண்ணையிலிருந்தும் அடுக்களையிலிருந்தும் கேட்க முடிந்தது. நவராத்திரி மண்டபக் கச்சேரிகளும் வானொலி வழி ஒலிபரப்பாயின. மண்டபத்தினுள் இடம் பெறாதவர்க்கும் அதன் ஒன்பது இராகங்கள் எட்டின.

பதிவின் தரம் என்பதை அதிர்வெண்ணால் மட்டும் அளப்போர் தவறவிடும் செய்தி இது. கர்நாடக இசையைப் பொறுத்தவரை கால அளவும் தரத்தின் ஒரு கூறே. குறுகிய அலைவரிசையில் முழுமையாக வந்த பைரவி, விரிந்த அலைவரிசையில் துண்டாக வந்த பைரவியைவிட உயர்ந்த பதிவு எனலாம். பின்னர் வந்த நீள்தட்டு, நிமிடத்திற்கு 33⅓ சுற்றில், பக்கத்திற்கு 20 நிமிடத்திற்கு மேல் தந்து இரு நலன்களையும் ஓரளவு இணைத்தது. 1963-இல் எம். எசு. சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் நீள்தட்டாக வெளிவந்து வைகறை வீட்டொலியின் ஓர் உறுப்பாகவே ஆகிவிட்டது.

ஒலிநாடாவும் வீட்டுக் காப்பகமும்

பிலிப்சு நிறுவனம் 1963-இல் அறிமுகம் செய்த ஒலிநாடாப் பேழை, 1980-களில் இந்தியாவெங்கும் பெருகியது. பாடகர் யேசுதாசு 1980-இல் திருவனந்தபுரத்தில் நிறுவிய தரங்கிணி இந்நகரையே ஒலிப்பதிவுக் களமாக்கியது. நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. அது நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் மட்டுமே நகரும். இரைச்சல் அதன் உடன்பிறப்பு. ஆயினும் அது தந்த புதுமை ஒன்று தட்டிற்கும் வானொலிக்கும் இல்லாதது: வீட்டாரே பதிவாளர் ஆயினர். வானொலியும் நாடாப்பெட்டியும் இணைந்த ‘டூ-இன்-ஒன்’ கருவி, கச்சேரி ஒலிபரப்பை அப்படியே பிடித்து வைத்தது. 90 நிமிட நாடாவில் 45-ஆம் நிமிடத்தில் பக்கம் மாற்ற வேண்டும். பல வீட்டுப் பதிவுகளில் ஆலாபனையின் நடுவே விழும் வெற்றிடம் அம்மாற்றத்தின் தழும்பு.

படியிலிருந்து படியெடுக்கும்தோறும் இரைச்சல் ஏறி, உயர்ந்த ஒலிகள் மங்கின. கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் நாடாவில் பூசணம் பூத்தது. நாடாப்பெட்டியின் பட்டை தளர்ந்தால் கமகமல்லாத ஓர் அசைவு நீள்சுரத்தில் ஏறியது. குரலின் அசைவையே அழகாகக் கொண்ட இசைக்கு இதனினும் கொடிய பிழை வேறில்லை.

இத்துணைக் குறைகளுக்கிடையிலும் மறைந்த வித்துவான் ஒருவரின் மங்கிய நாடாவை, புதிய தெளிந்த பதிவினும் விரும்பிக் கேட்கும் இரசிகர் உண்டு. இது இக்கட்டுரையின் கருத்திற்கு முரண்போலத் தோன்றலாம். உண்மையில் அங்குச் செவியின் கல்வி பதிவின் குறையை நிரப்புகிறது. இராகத்தை அறிந்தவர், கேளாத காந்தாரத்தையும் கேட்டுவிடுகிறார். முதன்முறை கேட்கும் இளையோர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. அவர்க்கு மங்கிய பதிவு மங்கிய இசையே. ஆகவே நல்ல பதிவின் தேவை கற்றவரினும் கற்கத் தொடங்குவோர்க்கே மிகுதி. ஆசிரியர் இல்லா நேரத்தில் நாடாவையே ஆசிரியராகக் கொண்ட மாணவர்க்கு இது பெரிதும் பொருந்தும்.

குறுந்தகட்டிற்குப் பின்

1982-இல் சந்தைக்கு வந்த குறுந்தகடு, மனிதச் செவியின் மேலெல்லை வரை ஒலியைத் தாங்கியது. வேகத் தடுமாற்றத்தையும் நாடா இரைச்சலையும் நீக்கியது. இதன்பின் பதிவின் ஊடகம் குறையுடையது என்று சொல்ல இயலாது. குறை வேறிடத்திற்குப் பெயர்ந்தது. கலையகப் பதிவுகளில் குரலை மிகவும் முன்னிறுத்தி, மிருதங்கத்தைப் பின்தள்ளி, எல்லாவற்றின்மீதும் செயற்கை எதிரொலி பூசுவது வழக்கமாயிற்று. மண்டபத்துப் பானைகள் தந்த ஒலிநலம் அம்மண்டபத்திற்கே உரியது. பொறி தரும் எதிரொலி எவ்விடத்திற்கும் உரியதன்று. அமைதிக்கும் உச்சத்திற்கும் இடையிலான வேறுபாட்டைச் சுருக்கி எல்லாவற்றையும் ஒரே உரப்பில் நிறுத்தும் போக்கும் பரவியது. இத்தகைய பதிவை விலையுயர்ந்த ஒலிபெருக்கியில் கேட்பவர், அதன் குறைகளை மேலும் தெளிவாகக் கேட்பார், அவ்வளவே.

கிழக்கேகோட்டையின் வீடு மற்றொரு வரம்பையும் விதிக்கிறது. திறந்த சன்னல், சுழலும் மின்விசிறி, பேருந்து நிலையத்தின் ஓயாத இரைச்சல் ஆகியவற்றிடையே கேட்பவர்க்கு, அமைதியான அறையை எண்ணி உருவாக்கிய கருவியின் மிக மெல்லிய ஒலிகள் எட்டுவதில்லை. கருவிக்குச் செலவிடும் பணத்தின் பெரும்பகுதி இங்குத் தெருவின் ஒலியில் கரைகிறது. நடுத்தரமான, சிதைவற்ற கருவியும் நேர்மையான பதிவும் இச்சூழலுக்குப் போதுமானவை.

பதிவின் நேர்மையை அளக்க எளிய உரைகல் ஒன்று உண்டு: தம்புரா. கூம்புப் பதிவில் அது இல்லை. நாடாவில் இரைச்சலோடு கலந்தது. குறுந்தகட்டில் தெளிந்து நின்றது. அளவு மிகச் சுருக்கிய எண்ணியக் கோப்புகளில் அதன் மேலொலிகள் மீண்டும் கலங்குகின்றன. பழம்பதிவுகளின் இரைச்சலை நீக்க முற்படும் மென்பொருளும், இடைவிடாது ஒலிக்கும் தம்புராவை இரைச்சலோடு சேர்த்தே துடைத்துவிடுவதுண்டு. தூய்மை என்னும் பெயரால் சுருதியை இழந்த பதிவுகள் இன்று மிகுதி.

இன்றைய நிலையில் கருவி வேறொரு வகையில் இன்றியமையாததாகியுள்ளது. சுருள்நாடாவும் பேழைநாடாவும் இன்னும் பல வீடுகளில் உள்ளன; அவற்றை ஒலிக்கச் செய்யும் நல்ல இயந்திரங்கள் அரிதாகிவிட்டன. இயந்திரம் இல்லையேல் பதிவின் தரம் பற்றிய பேச்சிற்கே இடமில்லை. எண்ணிய வடிவிற்கு மாற்றுவோர் நாடா ஓடிய வேகத்தையும், இயந்திரத்தின் வகையையும், தம்புராவின் சுருதியையும், மூலமா படியா என்பதையும் உடன் எழுதி வைத்தல் வேண்டும். இரைச்சல் நீக்கா முதற்படி ஒன்றையும் தனியே காத்தல் வேண்டும்.

பெயரும் நாளும் எழுதப்படாத நாடாக்களே இவ்வகைத் தொகுப்புகளில் பெரிய இடர். நவராத்திரி மண்டபப் பதிவுகளைப் பொறுத்தவரை இசையே சான்றாக அமைவது நற்பேறு. தானத்தோடு மிருதங்கம் ஒலித்து, உருப்படியின் முடிவில் கைதட்டல் இன்றி, நவராத்திரிக் கீர்த்தனை ஒன்று முதன்மையாக வருமாயின், அப்பதிவு இம்மண்டபத்தில் நிகழ்ந்தது எனக் கொள்ளப் போதிய காரணம் உண்டு. அக்கீர்த்தனை பைரவியாயின் ஐந்தாம் நாள். ஆரபியாயின் ஒன்பதாம் நாள். பாடுநரின் குரலால் ஆளையும், ஆண்டுதோறும் பாடியோர் வரிசையால் ஆண்டையும் நெருங்கலாம். உறையில் ஒரு சொல்லும் இல்லாத நாடாவும் இவ்வாறு தன் நாளைத் தானே கூறும், நாடாவின் வேகம் சரியாக அமைந்து இராகமும் சுருதியும் ஐயமின்றிக் கேட்குமாயின்.